பிரியதர்ஷினி ஏரித் தண்ணீர்

அண்டார்டிகாவில் உள்ள இந்திய ஆய்வு நிலையமான மைத்ரியில் நான் இருந்த பதினான்கு மாதமும் அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "அங்க தண்ணி கஷ்டம் இல்லையேப்பா?" குளிரைப் பற்றி அப்புறம்தான் கேட்பார். எங்களுக்கு ராமநாதபுரம் பக்கம் ஊர். தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிக்கொண்டு போய், ஊற்றில் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு நிரப்பி எங்களை வளர்த்தவர்.

அங்கே எனக்குக் கிடைத்த வேலையும் தண்ணீர்தான். ஜெனரேட்டர், ஹீட்டிங், தண்ணீர் லைன் மூன்றும் என் பொறுப்பு.

அங்கே முழுக்கப் பனிதான் என்று நினைத்துப் போனேன். மைத்ரி இருக்கும் ஷிர்மாக்கர் பகுதி அப்படியில்லை. பழுப்புப் பாறை மேடுகள், நடுநடுவே நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள். நம் முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரியைக் கடல்மேல் மிதக்கும் பனித்தட்டின் மேல் கட்டினார்கள். சில வருடங்களில் பனி அதை மூடி விழுங்கிவிட்டது. அதனால் 1989-ல் பாறை நிலம் பார்த்து, இரும்புக் கால்களை ஊன்றி மைத்ரியை எழுப்பினார்கள். பக்கத்திலேயே பிரியதர்ஷினி ஏரி.

சுற்றிலும் இவ்வளவு பனி கிடக்கிறதே, உருக்கிக்கொள்ளலாமே என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். பனியை உருக்க டீசல் எரிக்க வேண்டும். அந்த டீசல் கோடையில் கப்பலில் வந்து, பனித்தட்டின் ஓரத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் வண்டியில் இழுத்துவரப்படுவது. குளிர்காலத்தில் ஏரியின் மேல்பரப்பு கல்லாக உறைந்தாலும் அடியில் தண்ணீர் இருக்கும். அதைப் பம்ப் வைத்து இழுத்துக்கொள்கிறோம். பைப்பைச் சுற்றி ஹீட்டிங் கேபிள், அதற்கு மேல் இன்சுலேஷன். எங்கள் இருபத்துச் சொச்சம் பேரின் சமையலும் குளியலும் அந்த ஒரு பைப்பை நம்பித்தான்.

ஜூன் மாதம் ஒருநாள் அது உறைந்துபோனது.

மே கடைசியில் மறைந்த சூரியன் ஜூலை கடைசியில்தான் திரும்பும். நடுமத்தியானத்தில் கொஞ்ச நேரம் மங்கலான வெளிச்சம், மற்ற நேரமெல்லாம் இருட்டுதான். இரண்டு நாள் பனிப்புயல் அடித்து ஓய்ந்திருந்தது. டேங்கில் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது, பம்ப் ஓடியும் ஏறவில்லை. நானும் உத்தராகண்டைச் சேர்ந்த எலக்ட்ரீஷியன் பாய்சாப்பும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். மைனஸ் 25 இருக்கும். ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் பைப்பை அடி அடியாகத் தட்டிக்கொண்டே போனேன். தண்ணீர் இல்லாத இடத்தில் பைப் 'டங்' என்று ஒலித்தது. ஏரிக்கு இருபதடி முன்னால் அந்தச் சத்தம் செத்துப்போனது. உள்ளே பனி அடைத்திருந்தது.

கேபிள் ஜாயிண்ட் ஒன்று விட்டுப்போயிருந்தது. தடிமனான கையுறையோடு அதைத் தொடவே முடியாது. பாய்சாப் மெல்லிய கையுறைக்கு மாறி, இருபது எண்ணுவதற்குள் ஒரு ஸ்க்ரூவைத் திருகிவிட்டுக் கையை அக்குளில் செருகிக்கொள்வார். அடுத்த ஸ்க்ரூ என்னுடையது. பிறகு தார்ப்பாயைப் பந்தல்போலப் போர்த்தி உள்ளே சூடான காற்றை விட்டோம். நான்கு மணி நேரம் ஆனது. பைப்பில் காது வைத்துப் படுத்திருந்தேன். முதலில் லேசாக ஒரு கரகரப்பு, பிறகு சரசரவென்று தண்ணீர் ஓடியது. பாய்சாப் என் தோளை அழுத்திப் பிடித்தார். இருவரும் பேசவில்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டி, இமை முடியிலேயே உறைந்தது.

நிலையத்தில் சமையற்காரர் சூடாகச் சாயா வைத்துக் காத்திருந்தார். கெட்டிலில் மிச்சமிருந்த தண்ணீர் அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சநேரம் சத்தமே இல்லை. "ஏம்ப்பா, தண்ணி வரும்போதே நாலு குடத்துல பிடிச்சு வைக்கலையா?" என்றார்.

மறுநாளே காலி எண்ணெய் கேன் ஆறைக் கழுவி, நிரப்பி, சமையலறைச் சுவரோரம் வரிசையாக வைத்தேன். நான் கிளம்பும்வரை அவை ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.