ஜிபேட்டுக்கு ஸ்டீராய்டு ஹார்மோனும் புற்றுநோயும்: ஊட்டியில் நான் படித்த விதம்

ஊட்டியில் பி.ஃபார்ம் கடைசி வருடம் படித்துக்கொண்டே ஜிபேட்டுக்கு (எம்.ஃபார்ம் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு) தயாராகும் ஜூனியர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஸ்டீராய்டு ஹார்மோன், புற்றுநோய் பாடத்தைப் பற்றித்தான். மருந்துப் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்புகிறதாம். பெயரில் ஆரம்பித்தால் குழம்பத்தான் செய்யும்.

பெரிய சார்ட் பேப்பரில் மேலே ஹைபோதாலமஸ், கீழே பிட்யூட்டரி, அதற்கும் கீழே சினைப்பை, விதைப்பை, அட்ரீனல், கடைசியில் செல்லுக்குள் ரிசப்டர் (ஹார்மோன் வந்து ஒட்டும் இடம்) என்று வரையுங்கள். பக்கத்திலேயே, உடல் ஒன்றிலிருந்து இன்னொன்றைச் செய்யும் வரிசையில், கார்பன் எண்ணிக்கையோடு கொலஸ்ட்ரால் 27, புரோஜெஸ்டிரோன் 21, டெஸ்டோஸ்டிரோன் 19, எஸ்ட்ராடயால் 18. மெடிசினல் கெமிஸ்ட்ரிக்கும் இதே படம் உதவும். (சுவரில் டேப் போட்டு ஒட்டாதீர்கள். ஜூலை ஈரத்துக்கு விடிவதற்குள் கழன்று விழுந்துவிடும். ஆணிதான் சரி.)

பிறகு ஒவ்வொரு மருந்துக்கும் ஒரே கேள்வி: எங்கே அடைக்கிறது? மார்பகப் புற்றுநோய் மருந்துகளான லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் இரண்டும், டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ராடயாலாக்கும் அரோமடேஸ் என்சைமில் அடைக்கின்றன. 19 கார்பன் 18 ஆகாது, எஸ்ட்ரோஜன் வற்றும், எலும்பும் தேயும். டமாக்சிஃபென் ரிசப்டரில் போய் உட்காருகிறது. மார்பகத்தில் எஸ்ட்ரோஜனுக்கு எதிரி, கருப்பை உட்சுவரில் அதற்கே கூட்டாளி. அங்கே புற்றுநோய் அபாயம் ஏன் கூடுகிறது என்பதற்கும் விடை அதுதான்.

எனக்குப் பிடித்தது அபிராடிரோன். புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் இந்த மருந்து சிஒய்பி17 என்சைமை அடைக்கிறது. ஆண்ட்ரோஜன் (டெஸ்டோஸ்டிரோன் வகை ஆண் ஹார்மோன்) குறையும், கூடவே அட்ரீனலின் கார்டிசோலும் குறையும். கார்டிசோல் இல்லையென்றதும் அட்ரீனலைத் தூண்டும் ஏசிடிஹெச் ஹார்மோனைப் பிட்யூட்டரி அள்ளிக் கொட்டும். அடைபடாத மினரலோகார்டிகாய்டு (உப்பைத் தேக்கும் ஹார்மோன்) பாதையில் எல்லாம் திரும்பும்; ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். கூடவே கார்டிசோலின் இடத்தை நிரப்பும் பிரட்னிசோலோன் ஏன் எழுதுகிறார்கள் என்று இப்போது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படத்தில் விரல் வைத்து ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

அதே புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் கோசெரலின் பிட்யூட்டரியைத் தூண்டித் தூண்டியே ஓயவைப்பது; முதலில் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். அந்த ஏற்றத்தைச் சமாளிக்க, ஆண்ட்ரோஜன் ரிசப்டரை அடைக்கும் பைகலூட்டமைடு. டெகாரெலிக்ஸ் பிட்யூட்டரியிலேயே அடைக்கும் நேரடி எதிர்ப்பி, ஏற்றம் கிடையாது. சார்ட்டின் ஓரத்தில் தனிக் கட்டம் ஒன்று போட்டு, லிம்போசைட் (ஒருவகை வெள்ளை அணு) லுகேமியா எனும் ரத்தப் புற்றுநோயில் பிரட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் என்று எழுதிவையுங்கள். அங்கே ஸ்டீராய்டே லிம்போசைட்டைச் சாகடிக்கும் மருந்து.

வரலாறு இரண்டு வரி போதும். சினைப்பையை அகற்றினால் மார்பகக் கட்டி சுருங்குகிறது என்று கிளாஸ்கோவின் ஜார்ஜ் பீட்சன் 1896-ல் எழுதினார். எஸ்ட்ரோஜனை அப்போது யாரும் பிரித்தெடுத்திருக்கவில்லை. விதைப்பைக்கும் புராஸ்டேட்டுக்கும் உள்ள தொடர்பை 1941-ல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966-ல் நோபல்.

ஜிபேட்டில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தப்புக்கு 1 கழியும். அதனால் பெயரின் வால் ஒலியை வைத்து ஊகிக்காதீர்கள். அடைக்கும் இடம் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். தேர்வு மையம் கோவையில் விழுந்தால் முதல் நாளே இறங்கிவிடுங்கள். மே மாதமென்றால் சீசன் நெரிசல், காலையில் கிளம்பிப் போய்ச் சேர்வதெல்லாம் நடக்காது.