தஞ்சாவூர்ல ஒன்றரை நாள், காணாமப் போன ஒரு மாடு

லீவுக்கு எங்கயாச்சும் போலாம்னு பேச்சு வந்ததும் இவரு ஒரு பிளான் போட்டுக் குடுத்தாரு. தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்டசோழபுரம், கல்லணை, நடுவுல ரெண்டு நவகிரகக் கோயில், எல்லாம் ஒன்றரை நாள்ல. கூட வர்றது யாரு? முட்டி வலி இருக்குற அத்தை, எல்லா வாட்ஸப் ஃபார்வேர்டையும் நம்புற மாமா, பத்து வயசுப் பொண்ணு, அஞ்சு வயசுப் பையன். நான் பேனாவ எடுத்து தஞ்சாவூர மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தையெல்லாம் அடிச்சுட்டேன். இன்னும் அதுக்கு முணுமுணுத்துக்கிட்டுதான் இருக்காரு, இருக்கட்டும்.

எழும்பூர்ல ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி விடியக்காலைல இறங்கியாச்சு. ரூம்ல குளிச்சு இட்லி சாப்ட்டு ஏழரை மணிக்கெல்லாம் பெரிய கோயில் வாசல்ல நின்னோம். இத மட்டும் கேட்டுக்கங்க, குழந்தைங்களோட போறவங்க காலைலயே போயிருங்க. உள்ள பூரா கல் தளம், வெறுங்கால், பத்தரை மணிக்கு மேல கால வைக்க முடியாது. நடக்குறதுக்கு பாய் மாதிரி ஒண்ணு விரிச்சிருப்பாங்க, ஆனா அஞ்சு வயசுப் பையன் பாய்லயே நடப்பான்னு யாராச்சும் எதிர்பாத்தா அவங்களுக்கு குழந்தை இல்லன்னு அர்த்தம்.

ரெண்டாவது கோபுரம் தாண்டினதும் விமானம், அதாவது கருவறைக்கு மேல இருக்குற கோபுரம், மொத்தமா தெரியும். 216 அடி, 1010ல ராஜராஜன் முடிச்சது. சுத்தி பக்கத்துல எங்கயும் மலையே கிடையாது, வயக்காடுதான். அவ்வளவு கருங்கல்லும் வேற எங்கேந்தோ வந்து இறங்கிருக்கு. மாமா உடனே ஆரம்பிச்சுட்டாரு, "இந்தக் கோபுர நிழல் தரைல விழவே விழாதும்மா, அதுதான் தமிழன் விஞ்ஞானம்." நான் ஒண்ணும் சொல்லல, மருமக வாயத் திறந்தா அது வேற மாதிரி ஆயிரும். எல்லாரும் பின்பக்கமா சுத்தி வந்தோம், காலை வெயில் கிழக்கேந்து அடிக்குது, விமானத்துக்கு மேக்கால கல்லு ஜில்லுன்னு இருக்கு, பையன் அங்க போய் உக்காந்துக்கிட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்குறான். "தாத்தா இங்க வாங்க, இங்க சுடல, நிழல் இருக்கு"ன்னு கூப்புடுறான். மாமா அண்ணாந்து பாத்தாரு, கீழ பாத்தாரு, அப்புறம் பேரன் பக்கத்துலயே போய் உக்காந்துட்டாரு. உச்சில இருக்குறது 80 டன் ஒரே கல்லுங்குற கதையும் அவரு ஸ்டாக்ல இருந்துச்சு, அது பல துண்டா செஞ்சு சேத்ததுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க, ஆனா அன்னைக்கு அவரே அத எடுக்கல.

எனக்கு ஒரு விஷயம் உண்டு, இந்தக் கோயிலுக்கு பொய்யான பெருமை எதுக்குன்னே புரியல. நிஜமா இருக்குறதே நம்ப முடியாத அளவுக்கு இருக்கு. அந்தச் சுவத்துல இருக்குற எழுத்துங்கள எடுத்துக்கங்க. எல்லாரும் செல்ஃபி எடுத்துட்டு போயிடறாங்க, அது என்ன எழுத்துன்னு யாரும் பாக்கறதில்ல. அது பெரிய கணக்குப் புஸ்தகம். ராஜராஜன் சொல்றாரு, "நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லுல வெட்டுன்னு. அக்கன்னா குந்தவை. தான் குடுத்ததுக்கு அடுத்தே அக்கா குடுத்தது, அப்புறம்தான் பொண்டாட்டிங்க. இத நான் சொன்னப்போ இவரோட அக்கா ஞாபகம் எனக்கு வந்துச்சு, சரி அத விடுங்க.

இன்னும் கேளுங்க, கோயில்ல ஆடுறதுக்கு வேற வேற ஊர்க் கோயில்கள்லேந்து கூட்டிட்டு வந்த 400 பொண்ணுங்களோட பேரு அட்ரஸோட இருக்கு. தெற்குத் தளிச்சேரி (அவங்க குடியிருந்த தெரு), தென்சிறகு (தெற்கு வரிசை), தலைவீடு (முதல் வீடு), நக்கன் சேரமங்கை, பங்கு ஒண்ணுன்னு போஸ்ட்மேன் தேடிப் போற மாதிரி. ஒரு பங்குக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல்லு, கலம்னா அந்தக் காலத்துல நெல்லு அளக்குற அளவு. கட்டின பெருந்தச்சன் பேரும் இருக்கு, கோயில் நாவிதருக்கு குடுத்த பட்டமும் இருக்கு. என் பொண்ணு கேட்டா, "அப்போ சேரமங்கை வீடு இப்ப எங்கம்மா இருக்கும்?" எங்கயோ இந்தத் தெருக்களுக்கு அடியிலதான்டி, வேற என்ன சொல்றது. அதுக்கப்புறம் ஆட்டோல போறப்பல்லாம் வெளியவே எட்டிப் பாத்துக்கிட்டு வந்தா.

அத்தை வாராஹி சன்னதி க்யூல நின்னு திருப்தியா கும்பிட்டுட்டு வந்தாங்க. அந்த நந்தி சிலை, நாயக்கர் காலத்துது, பெருசு, கூட்டம். அவ்வளவுதான்.

மத்தியானம் சாப்ட்டு ஒரு தூக்கம், அப்புறம் அரண்மனை. நாயக்கர் கட்டி மராட்டியர் சேத்துக் கட்டின இடம். வெளிய பாத்தா ஒண்ணும் பெருசாத் தெரியாது, உள்ள ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி டிக்கெட், சில்லறை வச்சுக்கங்க. பையனுக்கு நான் சொல்லி வச்சிருந்தது ஒண்ணே ஒண்ணு, திமிங்கல எலும்புக்கூடு. 1955ல தரங்கம்பாடி பக்கம் கரை ஒதுங்கினது, 92 அடி. ராஜா அரண்மனைல திமிங்கலம் எதுக்குன்னு அத்தை கேட்டாங்க. நியாயமான கேள்வி. படி ஏறணும், அதனால அத்தை கீழயே உக்காந்துட்டாங்க.

அரண்மனைக்குள்ளயே இருக்குற கலைக்கூடத்துலதான் நான் இந்த ட்ரிப்புக்கே வந்த காரணம் இருக்கு. திருவெண்காட்டுலேந்து வந்த ரிஷபவாகனர், 1011ல வார்த்த செப்புச் சிலை. பேருதான் ரிஷபவாகனர், ரிஷபத்தக் காணோம். சிவன் தலைமுடிய பாம்பால சுத்தி முண்டாசு மாதிரி கட்டிக்கிட்டு, ஒரு கால லேசா மடக்கி குறுக்கப் போட்டு, வலது கைய இல்லாத மாடு மேல சாய்ச்சு வச்சிட்டு நிக்கிறாரு. பக்கத்துல பார்வதி. நான் ரெண்டு தடவ இதுக்கு முன்னாடி பாத்திருக்கேன், ரெண்டு தடவையும் அந்த இடுப்பு, அந்த விரல், இதையேதான் பாத்துக்கிட்டு நின்னேன். பையன் வந்து நின்னு ஒரு நிமிஷம் பாத்துட்டு, "கை வலிக்காதா அவருக்கு?"ன்னான். அப்புறம் "மாடு எங்க போச்சு?" தெரியலடான்னேன். அவன் போய் சிலை முன்னாடி கம்பிக்கு இந்தப் பக்கம் குனிஞ்சு நாலு கால்ல நின்னுட்டான், மாடு மாதிரி. காவலுக்கு இருந்த அம்மா முதல்ல முறைச்சாங்க, அப்புறம் அவங்களே முந்தானையால வாய மூடிக்கிட்டு சிரிச்சாங்க. மூணாவது தடவைதான் எனக்கு அந்த மாட்டோட உயரம் தெரிஞ்சுது, அந்தக் கை இருக்குற இடத்த வச்சு.

சரஸ்வதி மகால் நூலகம் பக்கத்துலயே. ஓலைச்சுவடி எல்லாத்தையும் நம்மால பாக்க முடியாது, சின்னதா ஒரு மியூசியம்தான், ஆனா விட்டுறாதீங்க. லெ ப்ரூன்னு ஒரு ஃபிரெஞ்சு ஓவியர், மனுஷ மூஞ்சியையும் மிருக மூஞ்சியையும் ஜோடி ஜோடியா போட்ட படங்க இருக்கு, ஆந்தை மனுஷன், ஒட்டக மனுஷன் மாதிரி. எங்க வீட்ல யாரு எதுன்னு ரெண்டு வாண்டும் பிரிச்சாங்க, என்னைய என்னன்னு சொன்னாங்கன்னு இங்க எழுத மாட்டேன். தஞ்சாவூர் மராட்டிய ராஜா ரெண்டாம் சரபோஜி கண் வைத்தியத்துல ரொம்ப ஈடுபாடு உள்ளவரு, நோயாளிங்களோட கண்ண படமா வரைஞ்சு குறிப்பெல்லாம் எழுதி வச்சிருக்காருன்னு நான் சொன்னதும், போன வருஷம் கேட்டராக்ட் பண்ண மாமாவுக்கு அப்படியே முகம் மாறிடுச்சு. "200 வருஷம் முன்னாடியா?" இத அவரு ஃபார்வேர்ட் பண்ணா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலைல சிவகங்கைப் பூங்கா, சறுக்குமரம், ஒன்றரை மணி நேரம். பக்கத்துல 1779ல கட்டின ஸ்வார்ட்ஸ் சர்ச்சு, அத உள்ள போய் நிதானமா பாக்கணும்னு இருந்தேன், பையன் சறுக்குமரத்த விட்டு வரல, அடுத்த தடவ. அப்புறம் அத்தை தலையாட்டி பொம்மை வாங்கிக் குடுத்தாங்க, இவரு திருவையாறு வரைக்கும் ஆட்டோ பிடிச்சு போய் அசோகா அல்வா வாங்கிட்டு வந்தாரு, சுடச்சுட, நெய் பேப்பரத் தாண்டி கைல ஒட்டுது.

திரும்பி வர்றப்போ ட்ரெயின்ல பொண்ணு நோட்ட எடுத்து ஏதோ எழுதிக்கிட்டே வந்தா. எட்டிப் பாத்தா கல்வெட்டு. தாத்தா குடுத்தது 100 ரூபா. பாட்டி குடுத்தது தலையாட்டி பொம்மை 1. அப்பா குடுத்தது அசோகா கால் கிலோ, அதுல பாதி அவரே தின்னது. அம்மா குடுத்தது திட்டு, எண்ணல. தம்பி பேரக் காணோமேடின்னேன். கீழ கைகாட்டினா. "மற்றும் குடுத்தார் குடுத்தது கிள்ளு 2"ன்னு இருந்துச்சு.