சிங்க்குக்கு அடியில் ஓர் ஊதுபத்தி

போன குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை. சமையலறைக் குழாயைத் திறந்தால் ஒரு முனகல் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. சுடுதண்ணீர் வருகிறது, பச்சைத் தண்ணீர் வரவில்லை. குழாய் உறைந்துவிட்டது என்று புரிய ஐந்து நிமிடம் ஆனது. மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இன்னும் பத்து நிமிடம். அதை மூடினேன். சிங்க் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு, ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு அலமாரிக்குள் தலையை நுழைத்தேன். தண்ணீர் விழும் வாய்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கிச் சூடுகாட்டினால்தான் உருகும் நீர் வெளியேற வழி இருக்கும். முக்கால் மணி நேரம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வால்வைத் திறந்து பார்த்தேன். எங்கும் பீறிடவில்லை. பிழைத்தோம்.

எரிச்சல் என்னவென்றால், அந்தக் குழாய்க்குக் குளிர் தொடங்கும் முன்பே நுரை உறை மாட்டியிருந்தேன். கச்சிதமாக, மூலைகளில்கூட வெட்டிப் பொருத்தி. அப்படியும் ஏன் உறைந்தது?

பதில் அலமாரிக்குள்ளேயே கிடைத்தது. ஹேர் டிரையரை நிறுத்தியதும் பிடரியில் சில்லென்று காற்று பட்டது. குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் மூன்று விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. குழாயோ கட்டை விரல் பருமன்தான். மீதி இடம் முழுக்க வாடைக்காற்றுக்குத் திறந்த வாசல். உறை வெப்பம் போகிற வேகத்தைத்தான் குறைக்கும், வெப்பத்தை உண்டாக்காது. கல்லுக்குக் கம்பளி போர்த்தினால் கல் சூடாகுமா? குழாயில் தண்ணீர் ஓடாமல் நிற்கும் ராத்திரி நேரத்தில், விடாமல் காற்று பட்டுக்கொண்டே இருந்தால், உறை போட்ட குழாயும் கடைசியில் சுழியத்துக்கு இறங்கிவிடும்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்திருந்தேன். குளிர் உள்ளே வரக்கூடாதென்று குழாய்க்கு முன்னால், அதாவது அறைப் பக்கமாக, கண்ணாடி இழைப் பஞ்சைத் திணித்து வைத்திருந்தேன். அறையின் சூடு குழாயை எட்டாதபடி நானே தடுத்திருக்கிறேன். பஞ்சு குழாய்க்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் இருக்க வேண்டும். குழாய் அறைச்சூட்டின் பக்கம் இருக்க வேண்டும். இப்போது சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

ஆகவே இந்த வருடம் உறை வாங்குவதை விட்டுவிட்டு ஓட்டை தேடுவது என்று முடிவு செய்தேன். குளிர் இறுகுவதற்கு முன் நாலைந்து சனிக்கிழமைகள் இதற்கே போயின.

முதல் சனிக்கிழமை தேடல் மட்டும்தான். தொழில்முறையில் செய்பவர்கள் வாசற்கதவில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, வீட்டுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்கிக் கசிவை அளப்பார்கள். நான் செய்தது அதன் ஏழை வடிவம். வெளியே காற்று பலமாக அடிக்கும் நாளாகப் பார்த்து, ஜன்னல் கதவெல்லாம் மூடி, சமையலறை, குளியலறை எக்ஸாஸ்ட் விசிறிகளைப் போட்டு, கையில் ஊதுபத்தியோடு வீட்டைச் சுற்றி வந்தேன். அதற்கு முன் வீட்டைச் சூடாக்கும் பாய்லரை அணைத்துவிட வேண்டும், கணப்பு இருந்தால் அதுவும் எரியக்கூடாது. வீட்டுக்குள் அழுத்தம் குறையும்போது புகைபோக்கி வழியாகப் போக வேண்டிய வாயு உள்ளேயே திரும்பிவிடும்.

நான் சந்தேகப்பட்டது ஜன்னல்களை. பெரும்பாலான ஜன்னல்களில் புகை நேராக, சாவதானமாக மேலே போனது. சிங்க் அலமாரியில் படுக்கைவாட்டில் ஓடியது. துணி துவைக்கும் மெஷினின் கழிவுக்குழாய் சுவருக்குள் போகும் இடம், கேபிள் நுழையும் பொத்தல், பேஸ்மென்ட்டில் அஸ்திவாரச் சுவர் மேல் மரச்சட்டம் உட்காரும் விளிம்பு முழுக்க, இப்படி ஒவ்வொன்றிலும் புகை நடனமாடியது. அந்த விளிம்பில் செருகியிருந்த பஞ்சை இழுத்துப் பார்த்தால் கறுத்துக் கிடந்தது. பூஞ்சை என்று பதறிவிட்டேன். தொட்டுப் பார்த்தால் காய்ந்த தூசி. வருடக்கணக்காகக் காற்று அதன் வழியே போய், பஞ்சு வடிகட்டியாக வேலை செய்திருக்கிறது. கண்ணாடி இழை காற்றை நிறுத்தாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எங்கெல்லாம் பஞ்சு கறுத்திருந்ததோ அங்கெல்லாம் சாக்பீஸால் குறி போட்டேன். எனக்குக் கிடைத்த மிக நல்ல வரைபடம் அதுதான்.

அடைக்கும் வேலை அடுத்த இரண்டு வாரம். மெல்லிய விரிசலுக்கு, ஒரு ஆறு மில்லிமீட்டர் வரை, சிலிக்கான் பசை போதும். அதற்கு மேல் அகலமாக இருந்தால் முதலில் நுரைக் கயிறு ஒன்றைச் செருகிவிட்டு மேலே சிலிக்கான். குழாயைச் சுற்றிய பெரிய ஓட்டைகளுக்கு ஸ்பிரே ஃபோம். பேஸ்மென்ட் விளிம்பில் கெட்டியான ஃபோம் பலகையைச் சட்டங்களுக்கு நடுவே பொருந்தும்படி வெட்டி வைத்து, நாலு ஓரத்தையும் ஸ்பிரேயால் ஒட்டினேன். கேட்க எளிது. ஒவ்வொரு இடைவெளியும் ஒவ்வொரு அளவு, எதுவும் செங்கோணம் இல்லை.

ஸ்பிரே ஃபோமைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் டின்னை ராத்திரி முழுக்கக் குளிரில் வைத்துவிட்டேன். காலையில் அழுத்தினால் உப்பாமல் சளி மாதிரி வழிந்தது. டின் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே தொட வேண்டும். இரண்டாவது டின்னில் எதிர்ப்பக்கத் தவறு. ஓட்டை நிறைய அடித்தேன். அது பல மடங்கு உப்பி வெளியே வழிந்து, அலமாரியின் அடிப்பலகையை ஒட்டி, நான் விரலால் வழிக்கப் போய் விரலையும் ஒட்டியது. காய்வதற்குள் அசிட்டோனால் துடைத்தால் போகும். காய்ந்த பிறகு எதற்கும் மசியாது. ஒரு வாரம் கை எல்லாம் மஞ்சள் செதில். ஓட்டையில் பாதிக்கும் குறைவாக அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், கையுறையை மறக்கவே கூடாது. லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு அடித்தால் நன்றாக இறுகுகிறது, அது ஈரத்தை எடுத்துக்கொண்டு கெட்டிப்படும் சரக்கு.

சிங்க்குக்குப் பின்னால், குழாயை ஒட்டி ஒரு தெர்மாமீட்டர் முனையை டேப் போட்டு வைத்திருந்தேன். அடைப்பதற்கு முன், வெளியே மைனஸ் 8 இருந்த ஒரு ராத்திரியில் அது 2 டிகிரி காட்டியது. அடைத்த பின், மைனஸ் 11 ராத்திரியில் 10 டிகிரிக்குக் கீழே போகவில்லை. ஹீட்டரை ஒரு புள்ளிகூட ஏற்றவில்லை, நுரை உறையும் பழையதுதான்.

இந்தப் பெருமையோடு இரண்டு வாரம் போனது. பிறகு என் மனைவி படுக்கையறைக் கூரையைக் காட்டினாள். "என்னங்க, மழையே இல்ல, மேல ஈரமா இருக்கே?" டீ கறை போல, உள்ளங்கை அகலத்தில்.

கூரைதான் ஒழுகுகிறது என்று அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியில் உள்ள பரணில், ஏறினேன். டார்ச் அடித்ததும் அப்படியே நின்றுவிட்டேன். கூரைப் பலகையைத் துளைத்து வந்திருந்த ஆணி முனை ஒவ்வொன்றிலும் வெள்ளை வெளேரென்று பனி. நூற்றுக்கணக்கில், பஞ்சுப் பொட்டு வைத்த மாதிரி. பகலில் வெயில் பட்டதும் அதெல்லாம் உருகிச் சொட்டியிருக்கிறது. வெளியிலிருந்து ஒரு துளி வரவில்லை. அத்தனையும் நாங்கள் மூச்சு விட்டு, குளித்து, சமைத்து மேலே அனுப்பிய ஈரம்.

சூடான காற்று மேலே ஏறி வீட்டின் உச்சியில் கிடைத்த சந்து வழியே வெளியேறுகிறது. அது காலி செய்த இடத்துக்குக் கீழேயிருந்து குளிர்காற்றை இழுக்கிறது. சிங்க்குக்கு அடியில் பிடரியில் பட்ட காற்றும், ஆணியில் கட்டிய பனியும் ஒரே காற்றோட்டத்தின் இரண்டு முனைகள். நான் வால் பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுபடி ஆரம்பிப்பதானால் மேலேயிருந்துதான் ஆரம்பிப்பேன்.

அட்டிக் வேலை ஒரே நாளில் முடிந்தது. முதல் குற்றவாளி குளியலறை விசிறியின் குழல். வெளியே ஈரத்தைத் தள்ள வேண்டியது, இணைப்பு நழுவி நேராக அட்டிக்குக்குள் ஊதிக்கொண்டிருந்தது. கிளாம்ப் போட்டு இறுக்கி, அலுமினிய டேப் சுற்றினேன். அட்டிக்குக்கு ஏறும் வழியின் மூடிக்கு நாலு புறமும் ரப்பர் பட்டை, மேலே ஃபோம் பலகை. விளக்கு ஒயர் நுழையும் பொத்தல்களுக்கு சிலிக்கான். புகைபோக்கியைச் சுற்றிய இடைவெளிக்கு ஃபோம் கூடவே கூடாது, தீப்பிடிக்கும். அங்கே தகடு வெட்டி வைத்து, வெப்பம் தாங்கும் சீலன்ட் பூசினேன். கூரை ஓரத்துக் காற்றுத் துளைகளைத் தொடவில்லை, அட்டிக்கின் ஈரம் போவதே அவற்றின் வழியாகத்தான். அதற்குப் பிறகு வந்த பனிப்பொழிவில் கூரை விளிம்பில் வழக்கமாகத் தொங்கும் பனி ஈட்டிகள் பாதிகூட இல்லை. உள்ளிருந்து சூடு கசிந்தால்தான் கூரை மேல் பனி அடியில் உருகி, விளிம்புக்கு வந்து மறுபடி உறையும்.

ஆனால் இறுக்கி மூடிய வீட்டுக்கு அதன் தொல்லை உண்டு. படுக்கையறை ஜன்னல் கண்ணாடியில் காலையில் தண்ணீர் கோடு கோடாக வழிய ஆரம்பித்தது. ஈரப்பதமானி 57 சதவீதம் காட்டியது. 20 டிகிரி அறையில் 50 சதவீத ஈரப்பதம் இருந்தாலே, சுமார் 9 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் கட்டும். ஜன்னல் கண்ணாடி அதைவிடக் குளிர்ந்திருக்கும். குளித்த பிறகு அரை மணி நேரம் விசிறியை ஓட விடுகிறோம், துணியை உள்ளே காயப்போடுவதை நிறுத்தினோம். இப்போது 40 பக்கம் நிற்கிறது, கண்ணாடியின் அடி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஈரம்.

ஒன்றை நல்லவேளையாகத் தவிர்த்தேன். பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில் ஜில்லென்று காற்று வரும் குழாய் ஒன்று உண்டு. ஃபோம் டின்னோடு அதன் முன் போய் உட்கார்ந்தும் விட்டேன். பாய்லர் எரியத் தேவையான காற்று அதன் வழியாகத்தான் வருகிறது. அதை அடைத்தால் வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு சேரும். அன்றே அலாரம் ஒன்றும் வாங்கி மாட்டினேன்.

வெளிக்குழாயிலிருந்து தோட்டத்து ஹோஸைக் கழற்றிவிட்டேன், உள்வால்வையும் மூடியாயிற்று. மெயின் வால்வில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறது. பாக்கி இருப்பது துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் உள்ள ஓட்டை மட்டும். அந்த மெஷினைத் தனியாக நகர்த்த என்னால் ஆகாது. சனிக்கிழமை மகன் வருகிறான், அதுவரை ஒரு பழைய துண்டைச் சுருட்டிச் செருகி வைத்திருக்கிறேன்.