பாட்டி, லோரிக்கு நெல்லு வேணாம்

வீட்டுக்குப் புதுசா லோரிகீட்ங்கிற வண்ணக்கிளி (சுருக்கமா லோரி) வந்தா, அன்னிக்கு சாயங்காலமே பாட்டி முறத்தோட வந்து நிப்பாங்க. ஒரு கைப்பிடி நெல்லு, ரெண்டு பழுத்த மிளகாய். "கிளியக் கூட்டிட்டு வந்து இப்படிப் பட்டினி போடுறியேடா, பாவி!" அவங்க பார்த்த கிளியெல்லாம் பாகூர் வயல்ல கதிரை ஒடிச்சுக்கிட்டுப் பறக்குற பச்சைக்கிளி. லோரியோ ஆஸ்திரேலியா, இந்தோனேசியா பக்கத்து ஆசாமி. பூத்தேனும் மகரந்தமும் சாப்பிட்டே வளர்ந்த பரம்பரை. நாக்கு நுனியில பிரஷ் மாதிரி மெல்லிய இழைகள் இருக்கும், பூவுக்குள்ள விட்டுத் துழாவ. விதையை அரைக்குற இரைப்பையோட தசை இதுக்கு பலமில்ல. நெல்லு, கம்பு, சூரியகாந்தி விதைன்னு தினம் போட்டா, சாப்பிடுற மாதிரியே இருக்கும், உள்ளுக்குள்ள மெலிஞ்சுக்கிட்டே போகும். பாட்டியைச் சமாதானப்படுத்தணும்னா கையில ஒரு செம்பருத்தியைக் கொடுங்க, அவங்களே நீட்டட்டும். மருந்து அடிக்காத வீட்டுச் செடிப் பூவா இருக்கணும். முருங்கைப்பூவும் ஆகும்.

முக்கியச் சாப்பாடு லோரிக்குன்னே விக்கிற நெக்டார் (பூத்தேன்) பவுடர். பாக்கெட்ல போட்டிருக்குற அளவுதான், நம்ம சாம்பார்க் கைப்பழக்கத்தை இதுல காட்டக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணியில கட்டியில்லாம கரைச்சு, காலையில ஒரு 25 மில்லி, சாயங்காலம் ஒரு 25 மில்லி. கெட்டியா கரைச்சா உடம்புல தண்ணி வத்தும், தண்ணியா கரைச்சா சத்து பத்தாது. வெறும் தேனும் கற்கண்டுத் தண்ணியும் இனிப்புதானே தவிர சாப்பாடு இல்ல. கூடவே வாய்க்குள்ள வெள்ளைப் படலமா பூஞ்சை பிடிக்கவும் வழி பண்ணும். குழந்தைங்களுக்குக் கொடுக்குற டப்பா மாவைச் சிலர் சிபாரிசு பண்ணுவாங்க. அதுல இரும்புச்சத்து சேர்த்திருப்பாங்க. லோரி இனத்துக்கு இரும்பு கல்லீரல்ல போய்த் தேங்குற நோய் சுலபமா வரும், அதனால அந்த டப்பா பக்கமே போகாதீங்க.

இதே காரணத்துக்காகத்தான் சாத்துக்குடி, ஆரஞ்சு, எலுமிச்சையும் வேணாங்கிறது. வைட்டமின் சி இரும்பை இன்னும் இழுத்துக் கொடுக்கும். வெயிலுக்குப் பாவமா இருக்கேன்னு ஜூஸ் பிழியுற மாமாக்களை இந்த ஒரு விஷயத்துல மட்டும் கொஞ்சம் கறாரா நிறுத்தணும். ஆப்பிள் (விதையை எடுத்துட்டு), பப்பாளி, மாதுளை, திராட்சை, மாம்பழம் எல்லாம் பொடிசா நறுக்கி ரெண்டு டேபிள்ஸ்பூன் வைக்கலாம். பண்ருட்டிப் பலா சீசன்ல ஒரு சுளையில கால்வாசி போதும், அப்புறம் அது அலகைத் துடைச்சுத் துடைச்சுக் கம்பியெல்லாம் பிசின். வெண்ணெய்ப்பழம் (அவகாடோ), சாக்லேட், வெங்காயம், காபி, டீ கூடவே கூடாது. ஃபில்டர் காபி டம்ளருக்குள்ள தலையை விடுறதுல இது கெட்டிக்காரன்.

கடலூர், புதுச்சேரி வெயில்ல கரைச்ச நெக்டார் ரெண்டு மணி நேரத்துக்கு மேல தாங்காது. அக்னி நட்சத்திரத்துல அதுவும் சந்தேகம். புளிச்சதைக் குடிச்சா வயிறு கெடும், ஆகவே மிச்சத்தைக் கொட்டிட்டு எவர்சில்வர் கிண்ணத்தை வெந்நீர்ல கழுவணும். இங்க இருக்குற ஈரக்காத்துல பவுடர் கல்லாட்டம் இறுகிப்போகும். இறுக்க மூடுற டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜுல வைங்க. எறும்பு வாசனை பிடிச்சு வரிசை கட்டி வரும். மருந்துக் கோடு போடாம, ஸ்டாண்டோட கால்களைத் தண்ணிக் கிண்ணத்துக்குள்ள நிறுத்துங்க.

இப்போ சுவர் விவகாரம். குடிக்குறது தண்ணியா இருக்குறப்போ வெளிய வர்றதும் தண்ணியாத்தானே இருக்கும். அதை லோரி நேரா கீழ விடாது. வாலைத் தூக்கி, குறி பார்த்து, பின்பக்கமா ரெண்டு மூணு அடி பீய்ச்சும். புதுசா வெள்ளையடிச்ச சுவரோரமா கூண்டு வச்சவங்க பொங்கலுக்கு மறுபடி அடிக்க வேண்டியதுதான். இதுக்குச் சிறந்த மருந்து நம்ம ஊர்ல தட்டுப்பாடே இல்லாத பழைய ஃப்ளெக்ஸ் பேனர். கூண்டுக்குப் பின்னாடி, அலகு எட்டாத தூரத்துல, மூணு பக்கமும் கட்டிடலாம். கட்டும்போது அச்சடிச்ச பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிடுங்க. தலைவர் கைகூப்பிச் சிரிக்குற முகத்துல தினமும் காலை ஆறு மணிக்கு அபிஷேகம் நடக்குறதைப் பக்கத்து வீட்டுத் தொண்டர் பார்த்தா வம்பு. ராத்திரி ஈரத்துணியால ஒரு துடைப்பு. காயவிட்டா சர்க்கரைப் பாகு மாதிரி ஒட்டிக்கும்.

கூண்டு மூணடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரத்துக்குக் குறையக் கூடாது. துத்தநாகம் பூசின கம்பி வலை மலிவாக் கிடைக்கும், கடல்காத்துல பூச்சு உரிஞ்சு வரும், லோரி அதை நக்கி நக்கி விஷமேறும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் நல்லது. உக்கார கொய்யா, சவுக்குக் கிளைகளை வேற வேற பருமன்ல கட்டுங்க. ஒரே மாதிரி வழவழப்பான குச்சியில உக்காந்தா பாதத்துல புண் வரும்.

முதல் ரெண்டு மூணு நாள் தொட்டுக் கொஞ்ச வேணாம். முன்னாடி எதைச் சாப்பிட்டுச்சோ அதையே கொடுத்து, புதுச் சாப்பாட்டைக் கால் பங்குல ஆரம்பிச்சு, ஒரு வாரம் பத்து நாள்ல முழுசா மாத்தணும். சமையலறைத் தராசுல தினமும் காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி எடை போட்டு எழுதி வைங்க. ரெயின்போ லோரி பெரும்பாலும் 100-லிருந்து 150 கிராமுக்குள்ள நிக்கும். அதோட வழக்கமான எடையில பத்துல ஒரு பங்கு குறைஞ்சாலே ஏதோ சரியில்லைன்னு அர்த்தம். பறவைங்க நோயைக் கடைசி வரைக்கும் மறைக்கும்.

ஒரு நாள் கூண்டுத் தரையில மல்லாக்கப் படுத்து, ரெண்டு காலையும் ஆகாசத்துக்குத் தூக்கிக் கிடக்கும். வீடே அலறும். அத்தை ஒப்பாரிக்கு ஆயத்தமாவாங்க. பெரும்பாலும் விளையாட்டுதான், லோரிங்க மல்லாந்து விளையாடும், சிலது தூங்கவும் செய்யும். கூப்பிட்டா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துட்டு எழுந்தா கவலையில்ல. இறகை உப்பிக்கிட்டு கீழேயே உக்காந்திருந்தா, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினா, அது விளையாட்டில்ல.

வெளிய விடுறப்போ சீலிங் ஃபேனை நிறுத்துங்க. நான்ஸ்டிக் தவா காலியா சூடேறினா வர்ற புகை பறவையைக் கொன்னுடும். சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருளும் பக்கத்துல வேணாம்.

பச்சைக்கிளியைப் பிடிச்சு ஜோடி சேர்க்கலாம்னு யாராவது யோசனை சொல்வாங்க. அதை வீட்டுல வளர்க்குறதே 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். லோரிக்கும் காகிதம் உண்டு. 2024-ல வந்த விதிகள்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் 2.0 இணையதளத்துல பதிவு பண்ணணும், கொடுத்தவங்ககிட்ட ரசீதும் எழுத்தும் வாங்கி வைங்க.

உடம்பு சரியில்லைன்னா புதுச்சேரியில குரும்பாபேட் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்வி, ஆராய்ச்சி நிலையம் இருக்கு. கொண்டுபோறப்போ சின்னக் கூண்டை மெல்லிய துணியால மூடி, நெக்டார் கிண்ணத்துக்குப் பதிலா ஆப்பிள் துண்டு வைங்க, இல்லைன்னா முதல் வேகத்தடையிலயே மடியெல்லாம் பிசுபிசுப்பு. கூண்டுக்கு அடியில அன்னிக்குப் போட்ட காகிதத்தை மாத்தாம, எச்சத்தோட அப்படியே எடுத்துட்டுப் போங்க. டாக்டர் முதல்ல கேக்கப் போறது அதைத்தான்.