டீசல் கெப்பின் ஒறிஜினல் பற்றரி: வன்னி வெக்கையில் அளந்து பார்த்த குறிப்பு

புது டீசல் கெப்போடு வந்த பற்றரி எத்தனை வருசம் தாங்கும் என்று கேட்டால் ஒருவர் 3 என்பார், இன்னொருவர் 5 என்பார். இரண்டுமே சரியாக இருக்கலாம். பட்ட வெக்கை, வற்றிய தண்ணி, அரைச் சார்ஜில் சும்மா கிடந்த காலம், இந்த மூன்றுந்தான் ஆயுளை முடிவு செய்கின்றன. குளிர் பற்றரியைக் கொல்லாது, இழுவையை மட்டும் குறைக்கும். வெக்கைதான் கொல்லும். பற்றரியின் சூடு ஏறத்தாழ 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது ஈய அசிட் பற்றரிக்கான பழைய கணக்கு. பிளஸ் தட்டின் ஈயச் சட்டகம் வேகமாக அரிபடும், தண்ணியும் ஆவியாகப் போகும்.

அளந்து பார்த்த வாகனம் ஒரு 2.4 லீற்றர் ஹைலக்ஸ் டபுள் கெப். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்குச் சற்று முன் வந்தது. அந்தத் தடை 2025 மாசியில்தான் தனியார் வாகனங்களுக்கு நீங்கியது. அதனால் இடைப்பட்ட காலத்தில் வன்னியில் ஒறிஜினல் பற்றரியோடு ஓடிய கெப்பைக் காண்பதே அருமை. பற்றரி 95டி31ஆர், 2019 கடைசியில் செய்தது, உள்ளே இருக்கும் ஆறு செல்லுக்கும் (அறைக்கும்) மேலே ஆறு மூடி உள்ள வகை. 95 என்பது வலுவின் தரம், டி என்பது அகல உயர அளவு, 31 என்பது நீளம் சென்ரிமீற்றரில். கடைசி எழுத்து முனைகள் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும். ஆர் இருக்க வேண்டிய இடத்தில் எல் வாங்கினால் கேபிள் எட்டாது.

2022 பங்குனி

இரவு முழுக்க நின்ற வாகனத்தில் காலையில் பொனற்றைத் திறந்து, கதவு, லைற் எதையும் தொடாமல் அளந்தது: 12.48 வோல்ற். முழுச் சார்ஜ் என்றால் 12.6க்கு மேல் நிற்கும், 12.4 முக்கால், 12.2 அரை, 12.0 கால். ஓடி வந்த உடனே அளந்தால் தட்டின் மேற்பரப்பில் மட்டும் நிற்கும் சார்ஜ் பொய் காட்டும். அவசரம் என்றால் ஹெட்லைற்றை 2 நிமிசம் போட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளக்க வேண்டும்.

மூடிகளைத் திறந்து ஹைட்ரோமீற்றரால் கிறவிற்றி (தண்ணியோடு ஒப்பிட்ட அசிட்டின் அடர்த்தி) எடுத்தபோது 1.235 முதல் 1.245 வரை. மூன்றாவது செல் மட்டும் 1.225. அசிட்டின் சூடு 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் 0.007 கூட்ட வேண்டும். அன்று 32 பாகை, ஆகவே 0.005. செல்லுக்குச் செல் 0.050 வித்தியாசம் வந்தால் பற்றரி முடிந்தது. இங்கே 0.020தான், ஆனாலும் அந்த மூன்றாவது செல்லைக் குறித்து வைத்தோம். மல்ரிமீற்றரை ஆகக் குறைந்த அளவைப் பிடிக்கும் நிலையில் வைத்து ஸ்ராட் எடுத்தபோது வோல்ற் 10.3 வரை இறங்கியது. 9.6க்குக் கீழே போகாதவரை பற்றரியில் வலு உண்டு.

சித்திரை

வெக்கை கூடியது. ஏ9இல் ஓடி வந்து நிறுத்திய பிறகு பொனற்றுக்குள் சூடு குறையாது, முதலில் ஏறும். காற்றாடி நின்றுவிடும், எஞ்சின் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். இன்பிராறெட் மானியால் பார்த்தால் பற்றரியின் எஞ்சின் பக்கச் சுவர் 58 பாகை, மற்றப் பக்கம் 47. பற்றரியைச் சுற்றி வரும் வெப்பத் தடுப்பு உறை முந்தைய சர்வீஸ் ஒன்றில் கழற்றப்பட்டு, திரும்பப் போடப்படவில்லை. இது பல கராஜ்களில் நடப்பதுதான், யாரும் கவனிப்பதில்லை. உறையை மீண்டும் போட்டதும் எஞ்சின் பக்கம் 51க்கு வந்தது. செலவில்லாத வைத்தியம், புது வாகனக்காரர் முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

தண்ணி தட்டுக்கு மேலே 10 முதல் 15 மில்லிமீற்றர் நிற்க வேண்டும். மூன்றாவது செல்லில் தட்டின் விளிம்பு காயத் தொடங்கியிருந்தது. காய்ந்த தட்டு திரும்ப வேலை செய்வது கடினம். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே விட வேண்டும். கிணற்றுத் தண்ணியில் உள்ள உப்பும் இரும்பும் தட்டில் போய்ச் சேரும். சார்ஜ் செய்தபின் மட்டத்துக்கு நிரப்புவதுதான் முறை. தட்டு வெளியே தெரிந்தால் மட்டும் முதலில் அது மூழ்குமளவுக்கு. அசிட் விடவே கூடாது, ஆவியாகிப் போனது தண்ணி மட்டும்.

ஆனி, ஆடி

டீசல் இல்லாத காலம். ஆடியில் கியூஆர் எரிபொருள் பங்கீடு வரும்வரை பல வாகனங்கள் வாரக்கணக்கில் முற்றத்திலேயே நின்றன. இந்தக் கெப்பும் மூன்று வாரம் நின்றது. அதற்குப் பின் அளந்தபோது 12.02.

நின்ற வாகனத்தில் மின்னை எது குடித்தது என்று பார்க்க மைனஸ் கேபிளைக் கழற்றி, இடையில் மல்ரிமீற்றரை 10 அம்பியர் அளவில் போட்டோம். கவனம்: அப்படி இருக்கும்போது திறப்பைத் திருப்பக் கூடாது, மீற்றரின் பியூஸ் போய்விடும். கதவைப் பூட்டி அரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டும், வாகனக் கணினி உறங்க நேரம் எடுக்கும். 85 மில்லிஅம்பியர் காட்டியது. 50க்குக் கீழே இருப்பது நல்லது. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியபோது பிறகு பூட்டிய ஜிபிஎஸ் கருவியின் வயர் அகப்பட்டது. அதை எடுத்ததும் 30. கணக்கு நேரானது: 0.085ஐ 24ஆல் பெருக்கினால் நாளுக்கு 2 அம்பியர்மணி, 21 நாளில் 43. 5 மணித்தியாலத்தில் வெறுமையாக்கும் கணக்கில் 64 அம்பியர்மணிப் பற்றரிக்கு அது மூன்றில் இரண்டு பங்கு. அப்படிக் கிடந்தால் தட்டில் ஈய சல்பேற்றுப் படிவு இறுகிவிடும். வாகனம் ஒரு கிழமைக்கு மேல் நிற்குமானால் மைனஸைக் கழற்றி விடுவது நல்லது.

மெதுவாகச் சார்ஜ் போட்டோம்: கொள்ளளவின் பத்தில் ஒன்று, 6 அம்பியர். மணிக்கொரு முறை கிறவிற்றி எடுத்து, மூன்று தடவை மாறாமல் நின்றால் முழுமை. பிறகு 2 அம்பியரில் கொஞ்ச நேரம் குமிழி விட வைத்தது, செல்களைச் சமப்படுத்த. அப்போது வோல்ற் 15ஐத் தாண்டும், ஆகவே இரண்டு கேபிளும் கழன்றிருக்க வேண்டும். வெளியே வருவது ஐதரசன். பக்கத்தில் பீடி, தீப்பெட்டி ஒன்றும் ஆகாது. முடிவில் ஐந்து செல் 1.240, மூன்றாவது 1.215.

புரட்டாதி

சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தது: 1,500 சுற்றில், ஏசியும் ஹெட்லைற்றும் போட்டு 14.1. 13.8 முதல் 14.4 வரை சரி. 14.8ஐத் தாண்டினால் தண்ணி கொதித்துப் போகும், 13.5க்குக் கீழே என்றால் பற்றரி எப்போதும் பசியோடு கிடக்கும்.

பக்கத்தில் நின்ற பழைய 5எல் எஞ்சின் கெப்பில் 13.1தான். அந்த எஞ்சினில் பிறேக்குக்கான வெற்றிடப் பம்ப் அல்ரனேற்றரின் (பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) பின்புறத்திலேயே இருக்கிறது. அதன் சீல் தேய்ந்தால் ஒயில் உள்ளே வடிந்து கரித்துண்டுகளை நனைத்துவிடும். அந்த வாகனத்துக்கு முன்பே புதுப் பற்றரி போட்டிருந்தார்கள். "பற்றரி போயிட்டுது, மாத்துங்கோ" என்ற பதில் கராஜில் ஆக மலிவானது. சீலை மாற்றி, கரித்துண்டு இரண்டையும் போட்டபின் 14.0.

ஹைலக்ஸில் கிளாம்பைத் திறந்தபோது முனையில் வெள்ளைப் பூ. அப்பச்சோடா ஒரு மேசைக்கரண்டி, அரை லீற்றர் சுடுதண்ணி. மூடிகளை இறுக்கி ஊற்றினால் நுரைத்து வழியும், நுரை நின்றால் அசிட் போய்விட்டது. 10 மில்லிமீற்றர் ஸ்பனரால் மைனஸை முதலில் கழற்றி, பூட்டும்போது கடைசியில். ஸ்ராட் எடுக்கும்போது முனைக்கும் கிளாம்புக்கும் இடையே 0.2 வோல்ற்றுக்கு மேல் விழுந்தால் அங்கே குற்றம். "டிக்" என்ற ஒரு சத்தத்தோடு ஸ்ராட்டர் நிற்க, வோல்ற் 12க்குக் கிட்ட நின்றால் ஸ்ராட்டர் சொலினோயிட்டின் செம்புத் தொடுகைகள் தேய்ந்திருக்கும். பற்றரிக்குப் பழி வேண்டாம்.

கிறவல் றோட்டு ஓட்டத்தில் பற்றரிப் பிடி இளகியிருந்ததையும் இறுக்கினோம். அசைவில் தட்டுப் பசை உதிர்ந்து அடியில் சேரும்.

2023 மாசி

காலபோக அறுவடை. வயலுக்கும் களத்துக்கும் நாளெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஓடியது. அடிக்கடி ஸ்ராட் எடுப்பது பற்றரியைத் தின்னும் என்பார்கள். 250 அம்பியர் 3 செக்கன் என்றால் 0.2 அம்பியர்மணி, சில நிமிச ஓட்டத்தில் திரும்பிவிடும். ஹெட்லைற் இரண்டும் எஞ்சின் இல்லாமல் ஒரு மணித்தியாலம் எரிந்தால் போவது 10, அதாவது 50 ஸ்ராட். இரவில் யானைக்கு வெளிச்சம் அடிப்பவர்கள் எஞ்சினை ஓட விட்டே அடிக்கட்டும்.

ஐப்பசி

முழுச் சார்ஜ் ஏற்றி இரவு வைத்தும் காலையில் 12.1. ஸ்ராட்டில் 8.9. கொமன்றெயில் எஞ்சினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் ஒரே உயர் அழுத்தக் குழாயான றெயிலிலிருந்து போகும் வகை) சுற்று வேகம் குறைந்தால் றெயிலில் அழுத்தம் வராது, இழுத்துக்கொண்டே இருக்கும், பற்றாது. மூடிகளைத் திறந்து, ஒருவர் திறப்பைத் திருப்ப, மற்றவர் விலகி நின்று பார்த்தபோது மூன்றாவது செல்லில் மட்டும் குமிழி கொப்பளித்தது. கிறவிற்றி அங்கே 1.150, மற்றவை 1.235. அதோடு சரி. செய்த தேதியிலிருந்து நாலு வருசத்துக்குக் கிட்ட. தட்டுக் காய்ந்த அதே செல்தான் போயிருக்கிறது. இரண்டாவது வருசத்திலேயே தண்ணி பார்த்திருந்தால் இன்னும் ஒரு மழைக்காலம் கண்டிருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

புதிது வாங்கும்போது மல்ரிமீற்றரோடு போக வேண்டும். கடையில் எடுத்த முதல் பற்றரி 12.31 காட்டியது, செய்த தேதியும் பழையது. அலுமாரியிலேயே சல்பேற்று பிடித்த சரக்கு. அடுத்தது 12.58. அதை எடுத்து, பூட்டுமுன் ஓர் இரவு 4 அம்பியரில் நிரப்பினோம். பழையதைக் கையோடு கொடுத்தால் அதிலுள்ள ஈயத்தின் பெறுமதியைப் புதியதின் விலையில் கழிப்பார்கள். நிறை பார்த்துக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.