நாடு முழுக்க ஒரே குறைந்தபட்சக் கூலி வேண்டும், அது 178 ரூபாயாக இருக்கக் கூடாது

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் சம்பளம். பிளஸ் டூ முடித்த கையோடு இரண்டு வருஷம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். காண்ட்ராக்டர் நீட்டும் தாளில் ஒரு தொகை இருக்கும், கவருக்குள் வேறொரு தொகை இருக்கும், நாங்களும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வோம். டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்கு வரும் ஒரு அக்கா மட்டும் கிழித்த காலண்டர் தாளின் பின்னால் எத்தனை ஷிப்ட் பார்த்தோம் என்று தினமும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பார். கவரைப் பிரித்து எண்ணிவிட்டு அந்தத் தாளைப் பார்ப்பார். "அரை ஷிப்ட் குறையுது கண்ணு" என்று என்னிடம்தான் சொல்வார், காண்ட்ராக்டரிடம் சொல்ல மாட்டார். சொன்னால் திங்கட்கிழமை அந்த இடத்தில் வேறொரு ஆள் உட்கார்ந்திருக்கும்.

அந்த வேறொரு ஆள் பெரும்பாலும் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த பையனாக இருப்பான். அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஊரில் கிடைக்கிற கூலியில் வீடு நடக்காமல்தானே இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வருகிறான்? அவன் ஊரில் கூலி படுத்துக் கிடக்கிற வரைக்கும் இங்கே எங்கள் கூலியும் எழுந்திருக்காது. இதை நான் புரிந்துகொண்டது அந்த செக்கிங் டேபிளில்தான்.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது 1948-ல். ஆனால் அந்தந்த மாநிலம் அந்தந்தத் தொழிலுக்குத் தனித்தனியாகக் கூலி நிர்ணயிக்கிற ஏற்பாடு அது, பட்டியலில் இல்லாத வேலை என்றால் சட்டமே பொருந்தாது. நாடு முழுக்க ஒரு அடிமட்டக் கூலி என்று 1996-ல் நாளுக்கு 35 ரூபாய் அறிவித்தார்கள், அதுவும் சட்டப்படி கட்டாயமில்லை. 2017-ல் 176 ரூபாய் ஆனது. அப்புறம் அனூப் சத்பதி தலைமையில் ஒரு நிபுணர் குழு போட்டார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,400 கலோரி, 50 கிராம் புரதம், 30 கிராம் கொழுப்பு என்று சாப்பாட்டிலிருந்து ஆரம்பித்து, வாடகை, துணிமணி, மருந்து, பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றையும் சேர்த்து அந்தக் குழு கணக்குப் போட்டது. சோறு மட்டும் போதாது, பருப்பும் எண்ணெயும் வேண்டும் என்று ஒரு அரசுக் குழு எழுதியதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது. அவர்கள் சொன்ன தொகை 2018 ஜூலை விலைவாசிப்படி நாளுக்கு 375 ரூபாய். அறிக்கை 2019 பிப்ரவரியில் வெளிவந்தது. அதே வருஷம் ஜூலையில் அறிவித்த தொகை 178. இரண்டு வருஷத்துக்கு இரண்டு ரூபாய் ஏற்றம்! பல மாநிலங்கள் அப்போதே அதற்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தன.

ஒரே தொகை வேண்டாம் என்றால் நாட்டை ஐந்து மண்டலமாகப் பிரிக்கலாம் என்றும் அதே குழு சொல்லியிருந்தது. பீகார், ஒடிசா இருக்கிற மண்டலத்துக்கு 342, நம் மண்டலத்துக்கு 414. இதில்தான் எனக்கு உடன்பாடில்லை. விலைவாசி இடத்துக்கு இடம் மாறும், சரி, பாட்னாவில் வாடகை திருப்பூரைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று சம்பள மானியம் கொடுத்தே சில மாநிலங்கள் கம்பெனிகளைக் கூப்பிடுகின்றன, கூலியிலும் இடைவெளி வைத்தால் ஆர்டர் அந்தப் பக்கம் போகும், "கேட்டால் யூனிட்டை அங்கே மாற்றிவிடுவோம்" என்று முதலாளி சொல்ல ஒரு காரணமும் கிடைக்கும். ஒரே தொகையாக வைத்துவிட்டு, செலவு அதிகமான மாநிலம் அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கட்டும்.

இப்போது அந்த 1948 சட்டத்துக்குப் பதிலாக ஊதியச் சட்டத் தொகுப்பு என்ற புதுச் சட்டம், 2025 நவம்பர் 21-லிருந்து அமலில் இருக்கிறது. மத்திய அரசு அடிமட்டக் கூலி நிர்ணயித்தால் அதற்குக் கீழே எந்த மாநிலமும் போக முடியாது, பட்டியலில் உள்ள தொழில், இல்லாத தொழில் என்ற பிரிவும் போய்விட்டது. இது பெரிய விஷயம். ஆனால் பகுதிக்குப் பகுதி வேறு வேறு தொகை வைக்கவும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. அதைப் பயன்படுத்தாமல், அந்த 375-ஐ இன்றைய விலைக்கு ஏற்றி ஒரே தொகையாக அறிவிக்க வேண்டும். அதை ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் பெரிதாக எழுதிப் போட வேண்டும். காலண்டர் தாளில் கோடு போட்டு எண்ணுகிறவர், குறைகிற பணத்தை என்னிடம் சொல்லாமல் காண்ட்ராக்டரிடமே கேட்கட்டும்.