தொட்டியில் நீலம், காற்றில் பச்சை

ஈரோட்டுப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜேட் கிரீன் என்ற பச்சை வாட் சாயம் ஓடும் தொட்டியை எட்டிப் பார்த்துப் பதறிப்போனேன். உள்ளே கருநீலம். "அண்ணே, நிறம் மாறிப்போச்சுங்க" என்றேன். மேஸ்திரி ஒரு நூல் சிட்டத்தைத் தூக்கிக் கோலில் தொங்கவிட்டார். "நில்லு கண்ணு, காத்து படட்டும்." மேல் இழைகளில் பச்சை தலைகாட்டியது, பிறகு மெல்ல உள்ளே இறங்கியது.

வாட் சாயம் தண்ணீரில் கரையாது. காஸ்டிக் சோடாவும், சாயத்தை ஒடுக்கிக் கரைய வைக்கும் ஹைட்ரோஸ் பொடியும் போட்டுச் சூடேற்றினால் கரைந்து நூலுக்குள் புகும். அப்படிக் கரைந்த ஜேட் கிரீன்தான் கருநீலமாகத் தெரிந்தது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் பழையபடி கரையாத பொருளாகி இழைக்குள்ளேயே தங்கிவிடும். எத்தனை துவைப்புக்கும் அது வெளியேறாததற்குக் காரணம் இதுதான்.

ஜேட் கிரீனின் பூர்வீகம் நிலக்கரித் தாரில் கிடைக்கும் ஆந்த்ரசீன். மூன்று பென்சீன் வளையங்கள் வரிசையாக ஒட்டிய வெள்ளைப் பொருள். நடு வளையத்தில் இரண்டு ஆக்சிஜன் ஏறினால் ஆந்த்ராகுவினோன். அதிலிருந்து படிப்படியாக வளர்த்தால் ஜேட் கிரீனின் ஒன்பது வளையச் சட்டகம். 1868இல் பெர்லினில் கிரேபே, லீபர்மான் என்ற வேதியியலாளர்கள் ஆந்த்ரசீனிலிருந்து அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தைச் செய்துகாட்டினார்கள். நம் கடற்கரை மணலில் தோண்டியெடுத்த சாயவேரிலும் அதே அலிசரின் இருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, என் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் இரவு ஹைட்ரோஸ் டின்னை மூடாமல் போய்விட்டேன். ஈரக்காற்றில் அதன் வேகம் செத்துவிட்டது. காலையில் தொட்டியில் வாட் பேப்பரை நனைத்தேன். ஹைட்ரோஸ் போதுமென்றால் அந்த மஞ்சள் காகிதம் இரண்டு மூன்று விநாடியில் நீலமாக வேண்டும். அது மஞ்சளாகவே கிடந்தது. காகிதம்தான் பழசு என்று நானே முடிவு கட்டி நூலை இறக்கிவிட்டேன். சிட்டங்கள் திட்டுத் திட்டாக வந்தன. தேய்த்தால் பச்சை விரலில் ஒட்டியது.

மேஸ்திரி திட்டவில்லை. புது டின்னைப் பிரித்து, காஸ்டிக் கூட்டி, அதே நூலை மறுபடி இறக்கச் சொன்னார். ஒட்டியிருந்த சாயமெல்லாம் கரைந்து தொட்டி மீண்டும் கருநீலமானது. பேப்பரை என் கையில் கொடுத்தார். நனைத்தேன், நீலமானது. ஒரு மணி நேரம் அங்கேயே நின்று திருப்பித் திருப்பி விட்டேன். சாயந்திரம் கோலில் தொங்கிய சிட்டங்களில் திட்டு ஒன்றுகூட இல்லை.